படிப்பக நெட்வொர்க்குக்கு ஒரு செக்ரோல்: ஹோஸ்ட்ஸ், ஈதர்ஸ், சர்விசஸ் கோப்புகளை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வருகிற ஒரு தோட்டத்தில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. பன்னிரண்டு பழைய கணினிகள், ஒரு பிரிண்டர், உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர், ஒரு ரவுட்டர். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன சிக்கல் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு பின்னேரம் நல்ல இடி. கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலையில் தவணைப் பரீட்சைக்கு மாதிரித் தாள் அச்சடிக்க டீச்சர் வந்து நிற்கிறார், பிரிண்டர் வேலை செய்யவில்லை. வயரைக் கழற்றி மாட்டினோம், மையை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாள் வரை 192.168.1.105 என்ற எண்ணில் இருந்த பிரிண்டர், கரண்ட் வந்ததும் 112க்குப் போயிருந்தது. 105ஐ யாரோ ஒரு பிள்ளையின் அண்ணனுடைய போன் எடுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கணினிகளும் அந்தப் போனுக்குப் பரீட்சைத் தாள் அனுப்பிக்கொண்டிருந்தன.

அதைச் சரிசெய்து இரண்டு கிழமை ஆகவில்லை. இணைய இணைப்புக்காரர்கள் வந்து பழுதான ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனார்கள். புது ரவுட்டரின் எண் வரிசையே வேறு. மறுபடி எல்லாக் கணினியிலும் உட்கார்ந்து தட்டினேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, எங்களிடம் ஒரு செக்ரோல் இல்லை என்று. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பேரும் நம்பரும் பதிந்த ஏடு ஒன்று உண்டு. பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, வந்தவர் யார் என்பதைத் தொரையும் கணக்கப்பிள்ளையும் அந்த ஒரே ஏட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆளுக்கொரு ஏடு வைத்தால் சம்பள நாளில் சண்டைதான் வரும். நெட்வொர்க்குக்கும் அதே கதை. எந்த எண் யாருக்கு என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும். மற்ற எல்லாமும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. லினக்ஸில் மூன்று சாதாரண எழுத்துக் கோப்புகள் போதும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எண்ணும் பெயரும் இருக்கும். ஈதர்ஸ் கோப்பில் வன்பொருள் முகவரியும் பெயரும். சர்விசஸ் கோப்பில் சேவையின் பெயரும் போர்ட் எண்ணும், அதாவது அந்தச் சேவைக்கான கதவின் எண்ணும். மூன்றும் ஈடிசி என்ற அடைவில் இருப்பவை. அவற்றைப் படித்து மற்றக் கணினிகளுக்குச் சொல்ல டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன இலவச நிரல் ஒன்று.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும், கோப்புப் பெயர்களையும், கோப்புக்குள் எழுதும் சொற்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

எண்களைப் பங்கு போடுதல்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிய எண் வரிசைகள் மூன்று உண்டு: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை, 192.168 என்று தொடங்குபவை. 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கடையில் வாங்குகிற ரவுட்டர்களில் பெரும்பாலானவை அந்த வரிசைகளில்தான் வரும். யாராவது இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினால் இரண்டும் மோதும். நாங்கள் 192.168.10 என்று எடுத்தோம்.

அதற்குள் ரவுட்டருக்கு 1. சர்வர், பிரிண்டர் போன்றவற்றுக்கு 10 முதல் 29. மேசைக் கணினிகளுக்கு 31இலிருந்து. மேசை ஒன்றுக்கு 31, மேசை இரண்டுக்கு 32 என்று வைத்தால் எண்ணைப் பார்த்ததும் மேசை தெரியும். 100 முதல் 199 வரை வந்துபோகிற போன்களுக்கு. இடையில் நிறைய இடம் விடுங்கள். பின்னால் ஒரு கேமராவோ இரண்டாவது பிரிண்டரோ வந்தால் நெருக்கியடிக்க வேண்டாம்.

பெயர் வைத்தல்

இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஹோஸ்ட் பெயரில், அதாவது ஒரு கணினிக்கோ கருவிக்கோ வைக்கும் பெயரில், ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு மட்டும் வரலாம். அடிக்கோடு கூடாது, இடைவெளி கூடாது. ஒரு பெயர் 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவு நீளமாக யார் வைக்கப்போகிறார்கள்!

தமிழ் எழுத்திலேயே வைக்க முடியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இணையத்தில் முடியும். நம் நாட்டுக்கு .இலங்கை என்ற முடிவே இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்துகளாகக் குறியீடு மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் நேரடியாகத் தமிழில் எழுதினால் ஒரு நிரல் புரிந்துகொள்ளும், இன்னொன்று புரிந்துகொள்ளாது. அந்த வம்பு வேண்டாம்.

அதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். அங்கேதான் எங்களுக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லை. நூலகம் என்பதை ஒருத்தி 'ஓ' இரண்டு போட்டு எழுதுவாள், இன்னொருத்தி 'யு' போட்டு எழுதுவாள். நடுவில் வரும் ககரத்துக்கு ஒருவர் 'ஜி', ஒருவர் 'கே'. ஆக ஒரு சொல்லுக்கு நாலு எழுத்துக்கூட்டல். யாரையும் திருத்தப்போகாதீர்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பின் ஒரு வரியில் ஒரு எண்ணுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நாலையும் எழுதிவிடுங்கள். முதலில் எழுதுவதுதான் முதற்பெயர். எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்டால் அதுதான் வரும். மற்றவை மறுபெயர்கள்.

ஆளின் பெயரைக் கணினிக்கு வைக்காதீர்கள். ஆள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார், கணினி இங்கேயே இருக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப் பெயராக .லோக்கல் என்று போட வேண்டாம். அது எம்டிஎன்எஸ் என்ற வேறொரு முறைக்காக ஒதுக்கப்பட்டது; ஆப்பிள் கருவிகளும் பல பிரிண்டர்களும் அதைத்தான் பாவிக்கின்றன. 2024இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு .இன்டர்னல் என்பதைத் தனியார் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கிவிட்டது. எங்கள் பெயர்கள் எல்லாம் மலை.இன்டர்னல் என்று முடிகின்றன.

ஹோஸ்ட்ஸ் கோப்பு

சர்வரில் மட்டும் இதைச் செய்கிறோம். சர்வருக்கே 192.168.10.10 என்ற நிலையான எண்ணை உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பில் கொடுக்க வேண்டும்; ஆனால் அதைக் கீழே வரும் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுவிய பிறகு செய்யுங்கள். இப்போது பழைய கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, சூடோ நானோ கொண்டு (நானோ என்ற எழுத்துத் திருத்தியை நிர்வாகி உரிமையோடு திறக்கும் கட்டளை) திறந்து இப்படி எழுதுங்கள்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
# கருவிகள்
192.168.10.1 ரவுட்டர்
192.168.10.10 நூலகம் விக்கி
192.168.10.20 அச்சு பிரிண்டர்
# மேசைகள்
192.168.10.31 மேசை1
192.168.10.32 மேசை2

முதல் வரியை அழிக்கக் கூடாது. கணினி தன்னைத்தானே கூப்பிடுவதற்கான வரி அது. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் இடைவெளி எத்தனை விட்டாலும் சரி. # குறிக்குப் பிறகு வருவதை எந்த நிரலும் படிக்காது, மனிதர்தான் படிப்பார். அதனால் தாராளமாக எழுதுங்கள். எந்தத் திகதியில் சேர்த்தது, எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே. ஒரே பெயரை இரண்டு எண்ணுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி நான் ஒரு முழுச் சனிக்கிழமையைத் தொலைத்த இடம். உபுண்டு, டெபியன் இரண்டும் நிறுவும்போதே ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கி, பக்கத்தில் அந்தக் கணினியின் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதிவைக்கும். தனிக் கணினிக்கு அதில் தீங்கில்லை. ஆனால் நாம் இந்தக் கோப்பை டிஎன்எஸ்மாஸ்க் வழியாக ஊருக்கெல்லாம் சொல்லப்போகிறோம். மேசை2 'நூலகம் எங்கே?' என்று கேட்டால், 127.0.1.1 என்றும் பதில் போகும். 127 என்று தொடங்குவதெல்லாம் கேட்பவரையே குறிக்கும் எண். அதாவது மேசை2 தன்னிடமே நூலகத்தைத் தேடும். சில தடவை கிடைக்கும், சில தடவை கிடைக்காது. அந்த வரியை எடுத்துவிட்டு, மேலே உள்ளதுபோல சர்வரின் உண்மையான எண்ணோடு எழுதுங்கள்.

பெயருக்கு நட்சத்திரக் குறி போட்டு 'இதில் முடிவது எல்லாம்' என்று ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுத முடியாது. ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும். எங்கள் அளவுக்கு அது ஒரு வேலையே இல்லை. உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் நாட்களில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே எழுத்துக் கோப்பில் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகி, கையால் எழுதி முடியாமல் போனபோதுதான் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். நம்மிடம் இருப்பது பன்னிரண்டு மேசை. பழைய வழி நமக்குத் தாங்கும்.

ஈதர்ஸ் கோப்பு

எங்கள் பிரிண்டர் கதைக்கு மருந்து இதில்தான். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தொழிற்சாலையில் இட்ட ஒரு வன்பொருள் முகவரி உண்டு. மேக் முகவரி என்பார்கள். அதைப் பெயரோடு கட்டிவிட்டால், கரண்ட் நூறு தடவை போய் வந்தாலும் பிரிண்டர் தன் எண்ணிலேயே நிற்கும்.

முகவரியைக் கண்டுபிடிக்க விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல் கட்டளை, லினக்ஸில் ஐபி லிங்க் கட்டளை. பிரிண்டரில் அமைப்பு விவரத்தாளை அச்சடித்தால் அதில் இருக்கும். விண்டோஸ் இடையில் கோடு போட்டுக் காட்டும். நீங்கள் முக்காற்புள்ளியாக மாற்றி எழுத வேண்டும்:

02:11:22:33:44:55 அச்சு
02:11:22:33:44:66 மேசை1

கவனியுங்கள், இங்கே எண் எழுதவே இல்லை. பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்கு என்ன எண் என்பதை டிஎன்எஸ்மாஸ்க் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பார்த்துக்கொள்ளும். ஒரு எண்ணை இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் ஒன்று மாறும், மற்றது மாறாது. இப்படி வைத்தால் அந்தக் கவலை இல்லை.

ஒரே கணினிக்கு வயர் வழிக்கு ஒரு முகவரியும் வைஃபைக்கு இன்னொன்றும் இருக்கும். எங்கள் மேசைகள் சிலவற்றில் யுஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சிதான் இருக்கிறது. அப்போது முகவரி குச்சியினுடையது. பிள்ளைகள் குச்சியை மாற்றி மாற்றிச் செருகினால் மேசைகளின் பெயரும் கூடவே மாறிவிடும். குச்சிகளில் ஸ்டிக்கர் ஒட்டி எண் எழுதிவைத்தேன்.

போன்களை இந்தக் கோப்பில் சேர்க்க மெனக்கெட வேண்டாம். அண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதற்கொண்டு போன்கள் வைஃபையில் உண்மையான முகவரியைக் காட்டாமல் ஒரு புனைமுகவரியைத்தான் காட்டுகின்றன. அவை 100க்கு மேல் எங்காவது இருந்துவிட்டுப் போகட்டும்.

டிஎன்எஸ்மாஸ்க்

நிறுவுவதற்கு இணையம் தேவை, அதனால் சர்வரின் எண்ணையும் ரவுட்டரையும் மாற்றுவதற்கு முன்பே நிறுவிவிடுங்கள்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிஎன்எஸ்மாஸ்க். நிறுவியதும் சிவப்பில் ஒரு பிழை வந்தால் பதற வேண்டாம். உபுண்டுவின் சொந்தப் பெயர் சேவை ஏற்கெனவே 53ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருப்பதால் வருவது. கீழே இரண்டாவது வரி அதைத் தீர்க்கும். ஈடிசியில் இருக்கும் டிஎன்எஸ்மாஸ்க்.கான்ஃப் கோப்பில் எழுத வேண்டியவை:

இன்டர்ஃபேஸ்=(உங்கள் நெட்வொர்க் அட்டையின் பெயர்)
பைண்ட்-டைனமிக்
டொமைன்-நீடட்
போகஸ்-ப்ரிவ்
எக்ஸ்பாண்ட்-ஹோஸ்ட்ஸ்
டொமைன்=மலை.இன்டர்னல்
லோக்கல்=/மலை.இன்டர்னல்/
ரீட்-ஈதர்ஸ்
நோ-ரிசால்வ் # கடைசியில் 'இ' எழுத்து வராது
சர்வர்=1.1.1.1
சர்வர்=8.8.8.8
டிஎச்சிபி-ரேஞ்ச்=192.168.10.100,192.168.10.199,12எச்
டிஎச்சிபி-ஆப்ஷன்=3,192.168.10.1

டொமைன்-நீடட், போகஸ்-ப்ரிவ் இரண்டும் நம் வீட்டுப் பெயரும் எண்ணும் வெளி இணையத்துக்குக் கேள்வியாகப் போகாமல் தடுப்பவை. எக்ஸ்பாண்ட்-ஹோஸ்ட்ஸ் 'அச்சு' என்ற ஒற்றைப் பெயருக்குக் குடும்பப் பெயரையும் ஒட்டிக்கொடுக்கும். கடைசி வரி முக்கியம். அதை எழுதாவிட்டால் வெளியே போகும் வழியாக டிஎன்எஸ்மாஸ்க் தன்னையே காட்டும். கணினிகளுக்கு எண் கிடைக்கும், பெயர் கிடைக்கும், இணையம் மட்டும் கிடைக்காது.

எழுதி முடித்ததும் டிஎன்எஸ்மாஸ்க் --டெஸ்ட் என்று தட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும்.

அப்புறம் ரவுட்டர். அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய் அதன் உள் எண்ணை 192.168.10.1 ஆக்கி, டிஎச்சிபியை, அதாவது அது எண் பங்கிடும் வேலையை, நிறுத்திவிடுங்கள். ஒரே நெட்வொர்க்கில் எண் பங்கிடுபவர் இரண்டு பேர் இருந்தால், யார் முந்துகிறாரோ அவர் சொல்வதுதான் நடக்கும். இதை ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். இனி இணைப்புக்காரர்கள் ரவுட்டரை மாற்றினாலும் இந்த இரண்டை மட்டும் திருத்தினால் போதும். டிஎன்எஸ்மாஸ்க்கை மீண்டும் தொடக்கி, ஒவ்வொரு கணினியின் வயரையும் ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள்.

பின்னாளில் ஹோஸ்ட்ஸிலோ ஈதர்ஸிலோ ஒரு வரி சேர்த்தால் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்த வேண்டியதில்லை. சூடோ பிகில் -ஹப் டிஎன்எஸ்மாஸ்க் என்றால் இரண்டையும் திரும்பப் படித்துக்கொள்ளும். டிஎன்எஸ்மாஸ்க்.கான்ஃபில் செய்த மாற்றத்துக்கு மட்டும் முழுதாக மறுதொடக்கம் வேண்டும்.

சர்விசஸ் கோப்பு

இதைப் பற்றி நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போர்ட் திறந்துவிடாது, சேவையும் ஓடாது. இது வெறும் அகராதி. எச்டிடிபி என்றால் 80, எஸ்எஸ்எச் என்றால் 22 என்று சொல்கிற அகராதி. உலாவிகூட இதைத் திறந்து பார்ப்பதில்லை.

பிறகு எதற்கு? எங்கள் சர்வரில் கிவிக்ஸ் என்ற நிரல் ஓடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கிவைத்து இணையம் இல்லாமலே பிள்ளைகளுக்குக் காட்டும். அதை 8090ஆம் போர்ட்டில் வைத்திருக்கிறேன். சர்விசஸ் கோப்பின் கடைசியில் இந்த வரி:

விக்கி 8090/டிசிபி # கிவிக்ஸ், நூலகம் சர்வர்

இப்போது எஸ்எஸ் -டிஎல் என்று தட்டினால், திறந்திருக்கும் கதவுகளின் பட்டியலில் 8090க்குப் பதிலாக விக்கி என்றே வரும். ஆறு மாதம் கழித்து 'இது என்ன எண், யார் திறந்தது?' என்று முழிக்க வேண்டியதில்லை. வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் யுஎஃப்டபிள்யு தீச்சுவரும் இதே பெயரை ஏற்கும்: சூடோ யுஎஃப்டபிள்யு அலவ் விக்கி. அது பெயரை எண்ணாக மாற்றித்தான் சேமிக்கும் என்பதால், பிறகு கோப்பில் எண்ணை மாற்றினால் தீச்சுவரிலும் மாற்ற வேண்டும். தீச்சுவர் போட்டிருந்தால் பெயர் சேவைக்கான 53ஐயும் எண் பங்கிடும் 67ஐயும் திறந்துவிட மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

புது எண் ஒன்றை எடுக்கும் முன் கோப்பில் தேடிப் பாருங்கள். முதலில் நான் 8080 என்றுதான் வைத்தேன். அதற்கு மேலேயே வேறு பெயர் பதிந்திருந்தது. எண்ணைக் கொடுத்துக் கேட்டால் முதலில் இருக்கிற வரிதான் பதிலாக வரும் என்பதால் என் விக்கி கடைசிவரை தலைகாட்டவேயில்லை. 1024க்குக் கீழே உள்ளவற்றைச் சாதாரணப் பயனரால் திறக்க முடியாது. 49152க்கு மேலே உள்ளவை நிரல்கள் தற்காலிகமாக எடுத்துப் போடுவதற்கு. நடுவில் ஒன்றை எடுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

சர்வரில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் அச்சு என்று தட்டினால் 192.168.10.20 வர வேண்டும். கெட்என்ட் சர்விசஸ் விக்கி என்றால் 8090. இதில் சரியாக வந்து, மேசைக் கணினியில் என்எஸ்லுக்அப் அச்சு என்பதில் வராவிட்டால் கோப்பில் பிழை இல்லை, டிஎன்எஸ்மாஸ்க்கில்தான் பிழை. கெட்என்ட் முதலில் கோப்பைப் பார்க்கும். என்எஸ்லுக்அப் கோப்பைப் பார்க்காமல் நேரே பெயர் சேவையைத்தான் கேட்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல கோப்பைத் திருப்பித் திருப்பித் திருத்திக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

கணினியில் கிடைப்பது ஒரு போனில் மட்டும் கிடைக்காவிட்டால், அண்ட்ராய்டில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்ற அமைப்பைப் பாருங்கள். அங்கே வெளிச் சேவை ஒன்றின் பெயர் இட்டிருந்தால் போன் நம் சர்வரைக் கேட்கவே கேட்காது. உலாவியில் வெறுமனே விக்கி என்று தட்டினால் அது தேடுபொறிக்குப் போய்விடும். முன்னால் எச்டிடிபி முக்காற்புள்ளி இரண்டு சாய்கோடு, பின்னால் :8090 என்று முழுதாகத் தட்டி ஒரு தடவை புத்தகக்குறி போட்டுக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சர்வர் படுத்துவிட்டால்

இந்த அமைப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சர்வர் நின்றால் புதிதாக வரும் எதற்கும் எண் கிடைக்காது. ஏற்கெனவே எண் வாங்கியவை மேலே சொன்ன 12 மணி நேரக் கெடு வரை அதை வைத்துக்கொள்ளும்; ஆனால் பெயர் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. சர்வரை ஒரு சிறு யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறோம். ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிக்கு யுபிஎஸ்ஸையே சுவரிலிருந்து கழற்றிவிடுகிறோம்.

ஹோஸ்ட்ஸ் கோப்பின் பிரதியை ஒரு பென்டிரைவிலும், அச்சடித்துக் கதவுக்குப் பின்னால் சுவரிலும் வைத்திருக்கிறேன். சர்வர் நாள் கணக்கில் பழுதானால், ரவுட்டரில் டிஎச்சிபியை மீண்டும் போட்டு, வரிசையை 100 முதல் 199 வரை கொடுத்துவிடுங்கள். பிரிண்டருக்கு அதன் பலகையிலேயே 192.168.10.20 என்று கையால் எண் இடுங்கள். பென்டிரைவில் உள்ள வரிகளை மேசைக் கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒட்டினால் பிரிண்டர், ரவுட்டர் பெயர்கள் மறுபடி வேலை செய்யும். விண்டோஸில் அந்தக் கோப்பு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற அடைவுகளுக்குள் இருக்கும். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்துதான் திருத்த முடியும். சேமிக்கும்போது நோட்பேட் தானாக .டிஎக்ஸ்டி என்று வால் ஒட்டிவிட்டதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் விண்டோஸ் அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. சர்வர் எழுந்து வந்த அன்றே அந்த வரிகளை மேசைகளிலிருந்து எடுத்துவிட்டு, ரவுட்டரின் டிஎச்சிபியையும் நிறுத்துங்கள். நாங்கள் மேசை7இல் எடுக்க மறந்து, அது மூன்று மாதம் பழைய பிரிண்டர் எண்ணையே தேடிக்கொண்டிருந்தது.